பள்ளித் திரைகளுக்குப் பொறுப்பு யார்? சேலம், நாமக்கல் பெற்றோரின் கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர்கள் மற்றும் முதன்மைக் கல்வி அலுவலர்கள், சேலம், நாமக்கல் மாவட்டங்கள்.

நகல்: மேலாண்மை இயக்குநர், தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம், சென்னை.

பொருள்: பள்ளிகளில் உள்ள கணினி, ஸ்மார்ட் போர்டு, டேப்லெட் ஆகியவற்றின் பராமரிப்பு, மாணவர் விவரங்களின் பாதுகாப்பு, தனியார் பள்ளிகளின் ஸ்மார்ட் கிளாஸ் கட்டணம் தொடர்பாக.



இடைப்பாடி, சங்ககிரி, பள்ளிபாளையம், திருச்செங்கோடு, ராசிபுரம் வட்டாரங்களில் விசைத்தறியிலும் கோழிப்பண்ணையிலும் லாரிப் பட்டறையிலும் பிழைப்பு நடத்தும் பெற்றோரின் சங்கம் இம்மனுவை அளிக்கிறது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம்தான் இப்பகுதியின் பல வீடுகளுக்கு முதல் கணினியைக் கொண்டுவந்தது. அதில் படித்து வேலைக்குப் போன பிள்ளைகள் இன்று தங்கள் தம்பி தங்கைகளைப் படிக்கவைக்கிறார்கள். ஆகவே பள்ளிக்குக் கணினி வேண்டாம் என்பது சங்கத்தின் பேச்சே அல்ல. வந்த கணினி ஓட வேண்டும் என்பதே கோரிக்கை.

அரசு இதற்குச் செலவழித்த பணம் சிறிதல்ல. 2019-ல் 6,029 உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் அமைக்கும் பணி தொடங்கியது. 2024 தொடக்கத்தில் கேரள அரசு நிறுவனமான கெல்ட்ரானுக்கு 1,076 கோடி ரூபாய் மதிப்பில் ஆர்டர் தரப்பட்டது. 8,209 பள்ளிகளுக்கு ஹைடெக் லேப், 22,931 தொடக்கப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் வகுப்பறை, 79,723 ஆசிரியர்களுக்கு டேப்லெட் என்பது அதன் அளவு. இந்தத் தொகையும் எண்ணிக்கையும் செய்தித்தாளில் வந்துவிட்டன. தன் பள்ளிக்கு வந்த திரைக்கு எத்தனை ஆண்டு வாரண்டி, கெட்டால் எத்தனை நாளில் சரிசெய்து தர வேண்டும், தராவிட்டால் என்ன அபராதம் என்பவைதான் பள்ளி மேலாண்மைக் குழுவில் உட்காரும் பெற்றோருக்குத் தெரிவதில்லை.

ஓர் ஈராசிரியர் பள்ளியை எண்ணிப் பாருங்கள். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். யு.பி.எஸ். பேட்டரி போய்விட்டது என்று ஒருவர் வட்டார வள மையத்துக்கு அலைந்தால், அன்று ஐந்து வகுப்பையும் மற்றவர் ஒருவரே பார்க்க வேண்டும். இரண்டு முறை அலைந்தபின் எந்தத் தலைமையாசிரியரும் மூன்றாம் முறை போகமாட்டார். திரையைத் துணி போட்டு மூடிவிட்டுக் கரும்பலகைக்குத் திரும்பிவிடுவார். அவரைக் குறை சொல்ல சங்கத்துக்கு மனம் வரவில்லை. அந்த அலைச்சல் அவருடைய வேலையே அல்ல.

இதற்கு வழி பக்கத்து மாநிலத்திலேயே இருக்கிறது. கேரளத்தில் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனம் 45,000 வகுப்பறைகளுக்குக் கருவிகள் வழங்கியபோது ஐந்தாண்டு வாரண்டியும் காப்பீடும் சேர்த்தே வாங்கியது. பள்ளிகள் புகார் பதியத் தனி இணையதளமும் அழைப்பு மையமும் அமைத்தது. குறித்த நாளுக்குள் பழுது நீக்காத நிறுவனத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் அபராதம் என்றும் விதித்தது. கேரள நிறுவனத்திடம் பொருள் வாங்கும் நாம் கேரளத்தின் நிபந்தனையையும் கேட்டு வாங்குவதுதானே முறை?

எனவே ஒவ்வொரு அரசுப் பள்ளியின் வாசலிலும் தமிழில் ஒரு பலகை வைக்க வேண்டும். கருவி வந்த தேதி, வாரண்டி முடியும் தேதி, புகார் எண், பழுது நீக்க வேண்டிய கெடு ஆகியவை அதில் இருக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் 4-ஆவது பிரிவு, யாரும் கேட்காமலே அரசு தகவலை வெளியிட வேண்டும் என்கிறது. ஆகவே இது சலுகை அன்று. வாரண்டி முடிந்தபின் பேட்டரி மாற்றும் செலவு யாருடையது என்பதற்கும் இப்போதே ஆணை வேண்டும். தலைமையாசிரியர் கைக்காசைப் போடும் நிலை வரக் கூடாது.

மாணவர் விவரத் தளமான எமிஸில் பதிவு, செயலி வழித் தேர்வு, வருகைப்பதிவு எல்லாம் வகுப்பு ஆசிரியர் தலையில் விழுவதை ஆசிரியர் சங்கங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. பெற்றோரும் அதையே சொல்கிறார்கள். பதிவு வேலைக்குத் தனி ஆள் வேண்டும். கணினிப் பாடத்துக்கு பி.எட். முடித்த கணினிப் பட்டதாரிகளை ஆசிரியர் தேர்வு வாரியம் மூலம் முறையாக நியமிக்க வேண்டும். கருவி விற்கும் நிறுவனத்திடம் ஆள் எடுக்கும் வேலையை விடுவது சரியல்ல.

பிள்ளைகளின் விவரங்கள் பற்றிச் சங்கத்துக்குப் பெரும் கவலை உண்டு. பிளஸ் டூ தேர்வு முடிந்ததும் கல்லூரித் தரகர்கள் பெயர் சொல்லி அழைப்பது இவ்விரு மாவட்டப் பெற்றோருக்கும் பழகிப்போன தொல்லை. தொலைபேசி எண் எங்கிருந்து போனது என்று கேட்டால் பதில் இல்லை. மத்திய அரசின் ‘தீக்‌ஷா’ கல்வித் தளத்திலேயே லட்சக்கணக்கான ஆசிரியர், மாணவர் விவரங்கள் பாதுகாப்பின்றிக் கிடந்தது 2023 ஜனவரியில் வெளியே வந்தது. அதே ஆண்டு நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவரின் விவரத்தைக் கையாளப் பெற்றோர் ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது. பள்ளியில் எந்தெந்தச் செயலி பயன்படுகிறது, எது என்ன விவரம் எடுக்கிறது என்ற பட்டியலை மேலாண்மைக் குழுவின் முன் வைக்க வேண்டும்.

தனியார் பள்ளிகளையும் விட்டுவிட முடியாது. விடுதிப் பள்ளிகளுக்குப் பேர்போன நாமக்கல் வட்டாரத்தில் ஸ்மார்ட் கிளாஸ் கட்டணம், ஆப் கட்டணம் என்று ரசீதில் தனி வரிகள் வருகின்றன. 2009-ஆம் ஆண்டுக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி கட்டணக் குழு நிர்ணயித்த தொகைக்குள் இவை அடங்குமா என்பதை முதன்மைக் கல்வி அலுவலர்கள் பள்ளிவாரியாக ஆய்ந்து வெளியிட வேண்டும். படிப்பு விற்கும் கம்பெனிகளின் முகவர்களைப் பள்ளி வளாகத்துக்குள் விடக் கூடாது. 2022-ல் 2,200 கோடி டாலராக மதிப்பிடப்பட்ட இணையவழிக் கல்வி நிறுவனமான பைஜூஸ், அதே ஆண்டு டிசம்பரில் முறைகேடாகப் படிப்பு விற்பதாக எழுந்த புகாரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் சம்மனைப் பெற்றது. 2024 ஜூலையில் அதன்மீது திவால் நடவடிக்கை தொடங்க தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. கம்பெனி முடங்கினாலும் கடன் வாங்கிப் படிப்பு வாங்கிய குடும்பம் தவணையிலிருந்து தப்ப முடியாது.

இம்மனு மீது எழுத்துமூலம் பதில் அளிக்குமாறும், பள்ளி மேலாண்மைக் குழுப் பிரதிநிதிகள், சப்ளை நிறுவனம், கல்வி அலுவலர்கள் ஆகிய மூன்று தரப்பினரையும் ஒரே மேசையில் அமர்த்திக் கூட்டம் நடத்துமாறும் சங்கம் கேட்டுக்கொள்கிறது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்முன் இரு மாவட்டங்களிலும் ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒரு பள்ளியிலாவது மேலே கேட்ட வாரண்டி விவரப் பலகையை வைத்துத் தர வேண்டுகிறது.