காப்பை அடகு வைக்கும் முன்...



சென்ற மாதம் ஒரு தாய் எழுதியிருந்தார். அவருடைய மகன் வேன் ஓட்டித்தான் குடும்பத்தைத் தாங்குகிறார். காலையில் பாடசாலைப் பிள்ளைகள், விடுமுறையில் ஹயர். அண்மையில் வேனுக்குள் ஓர் எம்ப்ளிபயரும் பெரிய ஸ்பீக்கர் பெட்டியும் பூட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு இரண்டு தடவை காலையில் வேன் ஸ்டார்ட் ஆகவில்லை. பிள்ளைகள் பாடசாலைக்குப் பிந்திவிட்டார்கள். பெற்றோர் முகம் சுளித்தார்கள்.

"உம்மா, இருக்கிறதுலயே பெரிய பெட்டரி ஒண்டு போட்டா எல்லாம் சரியாகிடும். காப்பத் தாங்க, மூணு மாசத்துல மீட்டுத் தாறன்" என்கிறாராம் மகன். கொடுப்பதா, வேண்டாமா? இதுதான் அந்தத் தாயின் கேள்வி.

சகோதரிகளே, இது ஆண்களின் விஷயம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். போவது நமது நகை. அடகுக் கடைக்குப் போனால் வட்டியும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். அந்தப் பாவத்தில் கால் வைக்குமுன், பெரிய பெட்டரி உண்மையில் தேவைதானா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

நமது வீட்டுத் தண்ணீர்த் தாங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். கிணற்று மோட்டார் இறைக்கிறது, தாங்கி சேமிக்கிறது. வாகனத்தில் மோட்டாரின் வேலையைச் செய்வது ஒல்டனேட்டர். பெட்டரி வெறும் தாங்கிதான். எஞ்சின் ஓடும்போது செட்டுக்கு மின்சாரம் கொடுப்பது ஒல்டனேட்டரே. தாங்கியைப் பெரிதாக்குவதால் மோட்டார் கூடுதலாக இறைக்குமா? இறைக்காது. பெட்டரியின் அளவு பெரும்பாலும் எஞ்சின் நின்ற பிறகுதான் கணக்குக்கு வருகிறது.

சிறிய கணக்கொன்று பார்ப்போம். வாகனத்தோடு வரும் சாதாரண ரேடியோ செட் அளவான சத்தத்தில் 2, 3 அம்பியர்தான் இழுக்கும். உண்மையான 300 வொட் எம்ப்ளிபயர் முழுச் சத்தத்தில் 35 அம்பியர் வரை இழுக்கும். நடுத்தரச் சத்தத்தில் 10 அம்பியர் என்று வையுங்கள். பெட்டரியில் 45 அம்பியர்-மணி என்று இருந்தால், எஞ்சினை நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் கேட்டாலே ஏறக்குறைய பாதி தீர்ந்துவிடும். பழைய பெட்டரி என்றால் மறுநாள் ஸ்டார்ட் எடுக்காததில் வியப்பில்லை.

ஆகவே காசு செலவழிக்குமுன் மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

முதலாவது: சாவியை எடுத்த பின் எம்ப்ளிபயரும் அணைகிறதா? வயரைத் தவறாகக் கொடுத்திருந்தால் அது இரவு முழுவதும் விழித்திருந்து பெட்டரியைக் குடிக்கும். அதன் சிறு லைட் எரிந்துகொண்டிருந்தால், தொட்டுப் பார்க்கையில் இளஞ்சூடாக இருந்தால் குற்றவாளி அதுதான். வயரை மாற்றினால் போதும்.

இரண்டாவது: காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் மீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் பெட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால்வாசி. 12க்குக் கிட்ட வந்தால் வெறுமையை நெருங்கிவிட்டது.

மூன்றாவது: எஞ்சின் ஓடும்போது பழைய மாதிரி வேன்களில் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். லைட்டையும் செட்டையும் போட்டதும் 13க்குக் கீழே விழுந்தால் பெல்ட்டையும் ஒல்டனேட்டரையும் பார்க்க வேண்டும். அந்த நிலையில் எவ்வளவு பெரிய பெட்டரி வாங்கினாலும் அதுவும் பட்டினிதான் கிடக்கும்.

இவற்றுக்குப் பிறகும் பெட்டரி பழுது என்று தெரிந்தால் மாற்றத்தான் வேண்டும். எதை வாங்குவது? பழையதில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜப்பானிய வாகனங்களில் 55பி24எல் என்பது போல இருக்கும். 55 அதன் வலு, பி அகல உயரம், 24 நீளம் சென்டிமீட்டரில், எல் முனைகள் அமைந்த பக்கம். அதே அளவில், அண்மையில் தயாரான, உத்தரவாத அட்டையோடு ஒன்று ஓடும்போது மட்டும் கேட்பவருக்குப் போதும்.

நிறுத்திவைத்து மணிக்கணக்கில் கேட்பவருக்குச் சோலார் விளக்குகளுக்குப் போடும் டீப் சைக்கிள் வகை பொருத்தம். சாதாரண பெட்டரியின் மெல்லிய தகடுகள் அடிக்கடி வெறுமையாவதைத் தாங்காது. இதன் தகடுகள் தடித்தவை. ஆனால் அது இரண்டாவது பெட்டரியாக, பிரித்துவைக்கும் ரிலேயோடு இருக்க வேண்டும். அப்போதுதான் ஸ்டார்ட் எடுக்கும் பெட்டரி தப்பும். அசிட் சிந்தாத ஏஜிஎம் வகையும் உண்டு. நல்லது, விலைதான் கூட. பல ஹைபிரிட் கார்களில் பெட்டரி ஆட்கள் இருக்கும் பகுதிக்குள் இருப்பதால் வாயு வெளியேறும் குழாயுள்ள வகையையே போட வேண்டும்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எம்ப்ளிபயருக்குப் போகும் தடித்த வயரில் பெட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் இருக்க வேண்டும். அது இல்லாமல் வயர் உராய்ந்தால் தீப்பிடிக்கும். அந்த வேனில் இருப்பது பிறர் பிள்ளைகள். அவர்கள் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். பெட்டரிக்கருகே தீக்குச்சி, சிகரட் வேண்டாம். சார்ஜ் ஆகும்போது வெடிக்கும் வாயு வரும். பழையதை வீட்டில் உடைக்க விடாதீர்கள். ஈயம் சிறுவர்களுக்கு நஞ்சு. கடையில் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள்.

கேள்வி கேட்ட தாய்க்கு என் பதில் இதுதான்: காப்பு கையிலேயே இருக்கட்டும். மகனைக் கோபிக்காதீர்கள். முதலில் வயரையும் ஒல்டனேட்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். பெட்டரி வாங்கத்தான் வேண்டுமென்றால், ஹயர் காசிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அளவானதை வாங்கட்டும். அதுவரை எம்ப்ளிபயரைக் கழற்றி வைத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. கிராஅத்தும் பயானும் கேட்க அந்தச் சிறிய ரேடியோ செட்டே தாராளம். சின்னப் பிள்ளைகளின் காதுகளும் அண்டை வீட்டாரும் உங்களுக்காகத் துஆச் செய்வார்கள்.

நடு இரவில் ஒரு நோயாளியை ஏற்ற வேண்டி வந்தால், சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உயிர்பெற வேண்டும். பெட்டரியின் முதல் கடமை அதுதான்; சத்தம் அதற்குப் பிறகுதான்.

அடுத்த மாதம் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.