சூட்டோடு சுருட்டுங்கள்!



கிறிஸ்து பிறப்புப் பெருவிழா நெருங்கும்போது நம் இல்லங்களில் அதிரசமும் முறுக்கும் நம் கையாலேயே தயாராகின்றன. கேக் மட்டும் கடையிலிருந்து வருகிறது. "அது நமக்கு வராது" என்னும் அச்சமே இதற்குக் காரணம். அந்த அச்சத்தைப் போக்கும் பொருட்டு, மரக்கட்டை வடிவில் சுருட்டப்படும் கிறிஸ்மஸ் கேக்கை இம்மாதம் கற்றுக்கொள்வோம்.

இதன் தாயகம் பிரான்சு. அங்கே முற்காலத்தில் கிறிஸ்மஸ் முன்னிரவில் ஒரு பெரிய மரக்கட்டையை வீட்டுக் கணப்பில் இட்டு எரிப்பர். தென்பகுதியான புரோவான்சில் வீட்டின் மூத்தவரும் இளையவரும் சேர்ந்து அக்கட்டையைச் சுமந்து, உணவு மேசையை மும்முறை சுற்றி வருவர். மூத்தவர் அதன்மேல் திராட்சை இரசம் ஊற்றிய பின்னரே தீ மூட்டப்படும். நாளடைவில் பெரிய கணப்புகள் மறைந்து இரும்பு அடுப்புகள் வந்தன. கட்டை எரிக்க இடமில்லாமற் போயிற்று. அப்போது, 19-ஆம் நூற்றாண்டில், அதன் நினைவாகப் பிறந்ததே இக்கேக். பிரான்சு நம் பகுதிக்கு முற்றிலும் அந்நியமான நாடன்று. 1930-இல் உருவான சேலம் மறைமாவட்டத்தின் முதல் ஆயர் புருனியே ஆண்டகை ஒரு பிரெஞ்சுக்காரரே.

கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் இக்கேக் செய்யத் தேவையானவற்றிற்குக் குறைவில்லை. இதன் உயிர் முட்டை. நம் நாமக்கல் மாவட்டமோ முட்டைக்கு நாடறிந்த பெயர் பெற்றது. உள்ளே பூசுவதற்கு மலையில் விளையும் அன்னாசி இருக்கிறது.

தேவையானவை: முட்டை 4, பொடித்த சர்க்கரை 100 கிராம், மைதா 80 கிராம், கோகோ தூள் 20 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, வெனிலா எசன்ஸ் சில துளிகள். வெண்ணெயும் எண்ணெயும் மாவில் சேர வேண்டியதில்லை. தட்டு ஏறக்குறைய 25 செ.மீ. அகலமும் 35 செ.மீ. நீளமும் உடையதாய், விளிம்பு தாழ்ந்ததாய் இருத்தல் வேண்டும். ஓவன் சிறியதாயின் பாதி அளவில் சிறு தட்டில் செய்யலாம். ஓவனே இல்லாதவர்கள், அறிமுகமான பேக்கரிக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்து, கலந்த மாவைத் தாமதமின்றிக் கொண்டு செல்லலாம்.

முதலில் ஓவனை 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் தயாராக வையுங்கள். தட்டில் பட்டர் பேப்பர் விரித்து இலேசாக வெண்ணெய் தடவுங்கள். மைதா, கோகோ, உப்பு மூன்றையும் இருமுறை சலியுங்கள். முட்டையையும் சர்க்கரையையும் ஒரு பாத்திரத்தில் இட்டு, வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து, இளஞ்சூடு ஏறும் வரை அடியுங்கள். பின்னர் இறக்கி வைத்துத் தொடர்ந்து அடியுங்கள். கரண்டியிலிருந்து விழும் கலவை, கோலக்கோடுபோல் மேலே சில நொடிகள் நின்று மறையுமானால் அதுவே பதம். இக்கேக் உப்புவது அடித்துச் சேர்த்த காற்றினாலேயே. ஆகவே எசன்ஸையும் மாவையும் சேர்த்தபின் அடிக்கலாகாது. அடியிலிருந்து மேலாக மெல்லப் புரட்டிக் கலக்க வேண்டும்.

தட்டில் சீராகப் பரப்பி 10 முதல் 12 நிமிடம் வேக விடுங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் மீண்டும் எழ வேண்டும். மலைமேல் வாழும் சகோதரிகள் இரண்டு நிமிடம் முன்னதாகவே பார்த்துக்கொள்ளட்டும். உயரமான இடத்தில் காற்றழுத்தம் குறைவு. அதனால் மாவு விரைந்து உப்பி, ஈரமும் விரைந்து போய்விடும்.

இனிமேல்தான் முக்கியமான கட்டம். மெல்லிய பருத்தித் துண்டொன்றைப் பொடித்த சர்க்கரை தூவி முன்பே விரித்து வைத்திருங்கள். ஓவனிலிருந்து எடுத்தவுடன் தட்டை அதன்மேல் கவிழ்த்து, பேப்பரை உரித்து, காய்ந்த ஓரங்களைக் கத்தியால் நறுக்கிவிட்டு, துண்டோடு சேர்த்துப் பாய்போல் சுருட்டுங்கள். முழுவதும் ஆறும் வரை அப்படியே இருக்கட்டும்.

ஏன் இந்த அவசரம்? சூடாக இருக்கும்வரை கேக் இளகி வளைந்து கொடுக்கும். ஆறும்போது முட்டையும் மாவும் இறுகிவிடும். தட்டையாக ஆறிய கேக்கைச் சுருட்டினால் நடுவே பிளக்கும். சுருண்டபடியே ஆறியது அவ்வடிவத்தைத் தன்னதாக்கிக்கொள்ளும். துண்டுக்குள் அடைபட்ட ஆவி அதைக் காயாமல் காக்கும். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்னும் முதுமொழி பிள்ளைகளுக்கு மட்டுமன்று, கேக்குக்கும் பொருந்துகிறது.

ஆறியபின் மெல்லப் பிரியுங்கள். சர்க்கரையோடு கெட்டியாகக் காய்ச்சிய அன்னாசிப் பழக்கூழைத் தடவி, துண்டில்லாமல் மீண்டும் சுருட்டுங்கள். ஒரு முனையைச் சாய்வாக வெட்டிப் பக்கத்தில் ஒட்டினால் கிளையாகிவிடும். 100 கிராம் வெண்ணெய், 200 கிராம் ஐசிங் சர்க்கரை, 25 கிராம் கோகோ ஆகியவற்றைச் சிறிது பாலுடன் குழைத்து மேலே பூசி, முள்கரண்டியால் நீளக் கோடுகள் இழுத்தால் மரப்பட்டை தயார். சிறு பிளவுகள் நேர்ந்திருந்தாலும் கவலை வேண்டாம். பட்டை என்றாலே வெடிப்பு உண்டன்றோ? பூச்சு அவற்றை மறைத்துவிடும்.

இரண்டு யோசனைகள் கூறி முடிக்கிறேன். முதலாவது, பெருவிழாவுக்கு முந்தின நாளில் முதன்முறையாக முயல வேண்டாம். திருவருகைக் காலத்து ஞாயிறு ஒன்றில் ஒருமுறை செய்து பாருங்கள். நான்கு முட்டைச் செலவில் கை பழகிவிடும். உடைந்தாலும் உண்ணப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, இதைத் தனியாகச் செய்யாதீர்கள். பெருவிழா நாளில் வீடே மகிழ்ந்திருக்க, தாய் மட்டும் அடுக்களையில் புகையோடு போராடுவது பல இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. இக்கேக் அவ்வழக்கத்தை மாற்ற நல்ல வாய்ப்பு. முட்டையை அடிக்கக் கணவரின் கை உதவட்டும். சூடான தட்டை ஒருவர் கவிழ்க்கும்போது துண்டை மற்றொருவர் பிடிக்கட்டும். பட்டைக் கோடுகளைப் பாட்டியும் பேரக்குழந்தையும் சேர்ந்து இழுக்கட்டும். அன்று மூத்தவரும் இளையவரும் கூடிச் சுமந்த கட்டையல்லவா இது! அதை ஒருத்தியின் தோளில் மட்டும் ஏற்றிவிடுவது முறையாகுமா?