பூட்டின கேட்டும் ஒரு டி.ஸி.யும்

எங்கள் வேலூரைப் பற்றி ஒரு பழைய வேடிக்கைப் பேச்சு உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோவில் என்று. பாலாற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கோட்டைக்கு இனி ராஜா வரப்போவதும் இல்லை. கோவில் விஷயத்தில் மட்டும் பேச்சு பொய்த்துப் போயிற்று. 1981-ல் ஜலகண்டேசுவரர் தம்முடைய இடத்துக்கே திரும்பி வந்துவிட்டார். ஆனால் 2021-ம் வருஷம் அந்தப் பட்டியலில் நானாகவே இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டேன்: பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கூடம்.

“கொரோனா காலத்தில் எல்லாப் பள்ளிக்கூடமும்தானே மூடியிருந்தது?” என்று கேட்பீர்கள். வாஸ்தவம். 2020 மார்ச்சில் மூடிய கதவுகள், சின்ன வகுப்புக் குழந்தைகளுக்கு 2021 நவம்பர் முதல் தேதிதான் திறந்தன. அன்று திறக்காத கதவுகளும் சில உண்டு. நான் சொல்ல வந்தது அவற்றைப் பற்றி.

ஆம்பூரில் என் சிநேகிதி ஒருத்தி இருக்கிறாள். (ஆம்பூர் 2019 முதல் திருப்பத்தூர் ஜில்லாவாம். இருக்கட்டும், தோல் வாசனைக்கு ஜில்லா எல்லை தெரியாது!) அவள் வீட்டுக்கு எதிர் வீட்டுப் பெண் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவள். விடிந்தும் விடியாததுமாகச் சமையலை முடித்து, டிபன் டப்பாவும் கையுமாகக் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவாள். அங்கே ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற வேலை. புருஷனுக்கு டானரியில் வேலை. பெண் ஒன்று, பிள்ளை ஒன்று. இரண்டையும் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில்தான் போட்டிருந்தாள். சீட்டுப் பணம் எடுத்துப் பீஸ் கட்டுவாள். “எதற்கம்மா இத்தனை கஷ்டம்?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“நான் ஷூ தைக்கிறேன். என் பொண்ணு ஷூ போட்டுக்கிட்டு ஆபீஸுக்குப் போவணும்மா” என்றாள்.

இதற்கு மேல் என்ன பேசுவது?

2021 ஜூன் மாதம். பெண் ஐந்தாவது முடித்து ஆறாவதுக்குப் போக வேண்டும், பிள்ளை மூன்றாவதுக்கு. ஒரு நாள் காலையில் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டே வரி வந்தது. நிர்வாகக் காரணங்களால் இந்த வருஷம் முதல் பள்ளி நடைபெறாது. இத்தனை நாள் கொடுத்த ஒத்துழைப்புக்கு நன்றி. அந்த ‘நன்றி’யை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிப் பார்த்தாள். கேட்டில் பூட்டு. உள்ளே வேறு யாரோ அட்டைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வாடகைக் கட்டடம், சொந்தக்காரர் கிடங்குக்கு விட்டுவிட்டார். தலைமையாசிரியரின் போன் அணைந்து கிடந்தது.

பள்ளிக்கூடம் நடத்தினவரைக் கொடியவர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சின்னத் தனியார் பள்ளிக்கூடத்துக்கு வருமானம் பீஸ் ஒன்றுதான். 2020 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் டியூஷன் பீஸில் முதலில் நூற்றுக்கு 40, பள்ளி திறந்த பிறகு 35 வாங்கிக்கொள்ளலாம் என்றது. அந்த நாற்பதைக் கொடுக்கவே பலரிடம் இல்லை. ஷூ கம்பெனிக்கு வெளிநாட்டு ஆர்டர் வந்தால்தான் இந்தப் பக்கத்தில் அடுப்பு எரியும். அடுப்பு எரிந்தால்தான் பீஸ். ஒரு கயிற்றில் கோத்த மணிகள் மாதிரி. ஆசிரியைகளின் சம்பளம் முதலில் பாதியாயிற்று, அப்புறம் அதுவும் நின்றது. வேன் வாங்கின கடனுக்கு மட்டும் வட்டி நிற்கவில்லை. எல்லாம் சரி. ஆனால் முந்நூறு வீட்டுக்காரர்களை உட்கார வைத்து, “இன்ன நிலைமை, பிள்ளைகளை இன்ன இடத்தில் சேர்த்துவிடுங்கள்” என்று சொல்ல வேண்டாமா? தனியார் பள்ளிகளுக்கென்று 1973-ல் வந்த சட்டமே, அதிகாரிகளுக்கு அறிவிக்காமலும், படிக்கிற பிள்ளைகளுக்கு வழி செய்யாமலும் பள்ளியை மூடக்கூடாது என்றுதான் சொன்னது. சட்டம் புஸ்தகத்தில் இருந்தது; பூட்டு கேட்டில் தொங்கிற்று.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு உறைத்தது. ஆறு வாரம் அந்தப் பெண் ஒன்றுமே செய்யவில்லை. சும்மா காத்திருந்தாள்!

அவளைக் காக்க வைத்தது மாமியார். அந்தக் கிழவிக்கு வேறொரு பூட்டு ஞாபகம் இருந்தது. பாலாற்றை டானரிக் கழிவு கெடுக்கிறது என்று வேலூர்க்காரர்கள் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிற்று. அதையொட்டிய காலத்தில், சுத்திகரிப்பு வசதி செய்யாத டானரிகள் மூடப்பட்டன. ஆம்பளைகள் திண்ணையில் உட்கார்ந்து கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுத்திகரிப்புக்கு ஏற்பாடு செய்தவர்கள் பிறகு திறந்தார்கள். “அப்பவும் இப்படித்தான் பூட்டினாங்க. தெறக்கலையா? இதுவும் தெறப்பாங்க, பொறு” என்றாள் கிழவி. டானரியை நம்பிப் பிழைக்கிற ஊரில் பூட்டுக்கு எதிரே பொறுமையாக உட்காருவது ஒரு பழக்கமாகிவிட்டிருந்தது. ஆனால் தோல் காத்திருக்கும், குழந்தை காத்திருக்குமா? பெண் போனில் படம் பார்த்தது. பிள்ளை கோலி ஆடியது.

இன்னொரு காரணமும் உண்டு. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. “கவர்மெண்ட் ஸ்கூலா?” என்று தெருவில் யாராவது கேட்டுவிடுவார்களோ என்கிற கூச்சம். பக்கத்து வீட்டுப் பாயம்மாவின் பேரனும் அதே பள்ளிக்கூடம்தான். அந்த அம்மாளும் காத்திருந்தார்கள். ஒருத்தர் அசைந்தால் மற்றவரும் அசைவார்கள். யார் முதலில் அசைவது?

டி.ஸி. என்கிற காகிதம் வேறு குறுக்கே நின்றது. பழைய பள்ளியின் குமாஸ்தாவை எப்படியோ பிடித்தாள். “போன வருஷப் பாக்கியைக் கட்டினால் டி.ஸி.” என்றார் அவர். இவளோ ஏப்ரலிலேயே கம்மலை அடகு வைத்துப் புத்தகப் பணம் கட்டியிருந்தாள். யார் யாருக்குப் பாக்கி என்று கணக்குப் போடப் பஞ்சாயத்துத்தான் வைக்க வேண்டும்.

கடைசியில் என் சிநேகிதிதான் அவளைக் கையைப் பிடித்து அரசாங்கப் பெண்கள் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே தலைமையாசிரியை அம்மாள் சொன்னது இதுதான்: “டி.ஸி. வர்றப்ப வரட்டும். பொண்ணை எங்கே காணோம்? முதல்ல அதைக் கூட்டி வாம்மா.”

அந்த அம்மாள் தயவு பண்ணவில்லை, சட்டத்தைச் சொன்னாள். 2009-ல் வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவை நம் வீட்டுப் பெண்கள் பால் கணக்கு மாதிரி மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். எந்தக் காரணத்துக்காகப் பள்ளி மாற நேர்ந்தாலும், குழந்தைக்கு அரசாங்கப் பள்ளியிலோ உதவி பெறும் பள்ளியிலோ இடம் கேட்க உரிமை உண்டு. பழைய பள்ளி உடனே டி.ஸி. கொடுக்க வேண்டும். அது வரத் தாமதம் என்று சொல்லிப் புதுப் பள்ளி சேர்ப்பதைத் தள்ளிப்போடவும் கூடாது, மறுக்கவும் கூடாது. வயசுக்குச் சான்று இல்லை என்றோ, சேர்க்கைத் தேதி தாண்டிவிட்டது என்றோ திருப்பி அனுப்பவும் அந்தச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஆனால் இதெல்லாம் ஆறு வயசிலிருந்து பதினாலு வயசு வரைக்கும், எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஒன்பதாவதுக்கு மேலே என்றால் மாவட்டக் கல்வி அதிகாரியின் ஆபீஸ் படிக்கட்டில் ஏறித்தான் ஆக வேண்டும்.

போகும்போது கையோடு ‘எமிஸ்’ எண்ணைக் கொண்டுபோங்கள். நம் மாநிலத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் உள்ள கம்ப்யூட்டர் எண் அது. ராங்க் கார்டிலோ, பழைய டீச்சர் அனுப்பின செய்தியிலோ இருக்கும். பழைய பள்ளி தன் கணக்கிலிருந்து குழந்தையை விடுவித்தால்தான் புதுப் பள்ளியின் கணக்கில் ஏறும். விடுவிக்கவில்லையென்றால் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். வெறும் வாய்ப்பேச்சு நிற்காது.

“இங்கேயும் இங்கிலீஷ் மீடியம் பிரிவு இருக்கு” என்று தலைமையாசிரியை சொன்னதும்தான் நம் பெண்ணுக்கு மூச்சு வந்தது. அதைவிட முக்கியமான ஒன்று பிறகுதான் தெரிந்தது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நூற்றுக்கு ஏழரை இடம் என்று 2020-ல் சட்டம் வந்தது அல்லவா? கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று 2022-ல் புதுமைப்பெண் திட்டம் வந்ததே? இரண்டுக்குமே வந்த காலத்தில் பொதுவிதி ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதாகத்தான் இருந்தது. (கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி தனியார் பள்ளியில் இலவச இடம் பெற்று எட்டாவது வரை படித்தவர்களுக்கு விதிவிலக்கு இருந்தது.) இவள் பெண் சரியாக ஆறாவதில் நுழைந்தாள். அதே பள்ளியிலிருந்து ஏழாவதுக்கு வந்த ஒரு பெண்ணுக்கு அந்த ஒரே ஒரு வருஷத்தினால் கை நழுவிற்று. படித்த நமக்கே இந்த விதி தெரியாதபோது, தையல் மெஷினில் குனிந்திருக்கிறவளுக்கு யார் சொல்வார்கள்?

பள்ளி மூடுவதற்குக் கொரோனாவேதான் வர வேண்டும் என்பதில்லை. 2004 ஜூலை 16-ம் தேதி கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் போனதை எந்தத் தாயால் மறக்க முடியும்? அதற்குப் பிறகுதான் கட்டடம், மைதானம் எல்லாவற்றுக்கும் விதி இறுகிற்று. கிராமம் என்றால் மூன்று ஏக்கர், பேரூர் என்றால் ஒரு ஏக்கர், நகராட்சி என்றால் பத்து கிரவுண்டு என்று அளவு வைத்தார்கள். அந்த நிலம் இல்லாத 746 பள்ளிகளின் விஷயம் ஹைகோர்ட் வரை போயிற்று. 2016 மே மாதத்தோடு அவற்றின் தாற்காலிக அங்கீகாரம் முடிகிறது என்றபோது, பெற்றோர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். புடவை வாங்கினால் முந்தானையை விரித்துப் பார்க்கிறோம். பீஸ் கட்டும்போது, “அங்கீகாரக் கடிதம் எந்தத் தேதி வரைக்கும்?” என்று ஒரு வார்த்தை கேட்கிறோமா?

ஆம்பூருக்கே திரும்புகிறேன். சேர்ந்த மாதத்திலிருந்து பள்ளியில் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். சத்துணவைச் சமைக்க முடியாத காலமாதலால் உலர் பொருளாகத் தந்தார்கள். “கவர்மெண்டா?” என்று முகம் சுளித்த கிழவி, பருப்பைப் புடைத்துப் பார்த்து, “நல்லாத்தான் இருக்கு” என்றாளாம். ஒரு வாரத்தில் பாயம்மா தன் பேரனைக் கூட்டிக்கொண்டு பையன்கள் பள்ளிக்குப் போனார்கள்.

அந்த வருஷக் கடைசியில், இல்லம் தேடிக் கல்வி என்று சாயங்கால வகுப்புகள் தெருவுக்குத் தெரு வந்தன. எதிர்வீட்டு மொட்டை மாடியில் ஒரு வகுப்பு. சொல்லிக் கொடுக்க வந்தவள் யார் தெரியுமா? மூடின பள்ளிக்கூடத்து டீச்சர்! இடையில் ஒரு வருஷம் இட்லி மாவு அரைத்து விற்றுக்கொண்டிருந்தாள். இதற்கு மாதம் ஆயிரம் ரூபாய். பழைய பள்ளியில் அவளுக்கு நின்றுபோன சம்பளம் பல ஆயிரம். பிள்ளையாண்டான் அவளைப் பார்த்ததும், “மிஸ், நம்ப ஸ்கூலைத் தெறந்துட்டாங்களா?” என்று கேட்டான். அவள் ஒன்றும் சொல்லாமல் அட்டெண்டன்ஸ் எடுக்க ஆரம்பித்தாளாம்.

டி.ஸி. என்ன ஆயிற்று என்கிறீர்களா? வந்தது. அடுத்த வருஷம் மார்ச்சில், பழைய பள்ளியின் பியூன் கொண்டுவந்து கொடுத்தான். அவன் அப்போது ஒரு பிரியாணிக் கடையில் சேர்ந்திருந்தான். தகப்பனார் பெயரில் ஓர் எழுத்து தப்பு. நடத்தை: நன்று. ‘பள்ளியை விட்டு நீங்கியதற்குக் காரணம்’ என்ற இடத்தில் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது: ‘பெற்றோர் விருப்பப்படி.’