மாநாட்டு மண்டபத்தின் சாவி யார் கையில்?

1995 சனவரியில் தஞ்சையில் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு கூடியது. அதற்கு வந்த பேராசிரியர் கா. சிவத்தம்பி உள்ளிட்ட ஈழத்து அறிஞர்கள் திருப்பியனுப்பப்பட்டனர். தமிழுக்கு எடுத்த விழாவிலே தமிழறிஞருக்கு இடமில்லை! காரணம், மண்டபத்தின் சாவி அரசிடம் இருந்தது.

இன்று, போகாமலே மாநாட்டில் அமரலாம் என்கிறார்கள். கண்ணில் மாட்டும் கருவியொன்று நம் அறையையும் தொலைதூர அரங்கையும் சேர்த்துக் காட்டுகிறது. இதற்குக் கலப்பு மெய்மை என்று பெயர். 2020 மார்ச்சில் அட்லாண்டாவில் கூடவிருந்த ஐ.ஈ.ஈ.ஈ. மெய்நிகர் மாநாடு, கொரோனாவால் முழுக்க இணையவழி நடந்தது. மொசில்லா ஹப்ஸின் முப்பரிமாண அரங்குகளும் அதில் பயன்பட்டன.

தேநீர்வேளைப் பேச்சுக்கு இது ஈடாகுமா என்று கேட்பவர் உண்டு. ஈடாகாதுதான். ஆனால் விசா கிடைக்காதவனுக்கும், விடுப்பெடுத்தால் கூலி இழப்பவனுக்கும் அந்தத் தேநீர் என்றைக்குக் கிடைத்தது? ஆகவே இதை வரவேற்போம்.

ஆனால் தோழர்களே, சாவி இப்போது யாரிடம்? ஆல்ட்ஸ்பேஸ் என்ற கூடுமிடத்தை மைக்ரோசாப்ட் 2023 மார்ச்சில் இழுத்து மூடியது. அங்கே கூடியவர்கள் கலைந்தார்கள். மொசில்லாவும் 2024 மே மாதத்தில் ஹப்ஸ் சேவையை நிறுத்தியது. ஆனால் ஹப்ஸின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருந்ததால், வேறு கைகள் அதை எடுத்து நடத்த முடிந்தது. இந்த வேறுபாட்டை மறந்துவிடலாகாது.

பாணேரின் மென்பொருள் அலுவலகங்களில் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். இத்தகைய அரங்கை வடிவமைக்கும் பணி அவர்கள் மேசைக்கும் வரக்கூடும். அவர்களுக்கு நம் கோரிக்கைகள் நான்கு. விலையுயர்ந்த கருவி இல்லாதவனும் சாதாரணக் கைப்பேசியில், இணைப்பு மெலிந்தால் ஒலியில் மட்டுமாவது, பங்கேற்க வேண்டும். பெயரும் கேள்வியும் தமிழ் எழுத்தில் தோன்ற வேண்டும். தொலைவிலிருப்பவனை மண்டபத்தில் இருப்போர் காண வேண்டும்; அவன் கேள்வி வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படலாகாது. மூலநிரல் திறந்திருக்க வேண்டும்.

இவை வெறும் தொழில்நுட்பச் செய்திகள் அல்ல. கட்கியிலோ தேகு ரோட்டிலோ இரவுப்பணி முடித்து வந்த தொழிலாளி, தன் மொழியில், தன் பெயரில், எழுந்து ஒரு கேள்வி கேட்க முடியுமா? முடியுமானால் அது மாநாடு. முடியாவிட்டால் அது வசதியுள்ளவர்களின் இன்னொரு விருந்து.