சப்பாத்திக்கு மாறினால் சர்க்கரை இறங்குமா?

சர்க்கரை இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனைச் சீட்டு சொன்ன அன்றே வீட்டில் அரிசிக்குத் தடை விழுந்துவிடுகிறது. ராத்திரிக்குச் சப்பாத்தி. கொஞ்சம் கூடுதல் அக்கறை உள்ள வீடு என்றால் காலையில் ராகிக் கஞ்சி, மதியம் சாமைச் சோறு. நலம் விசாரிக்க வரும் உறவுக்காரர், நடைப்பயிற்சிக்கு வரும் நண்பர், பார்மசிக் கடைக்காரர், யாரைக் கேட்டாலும் ஒரே பாட்டு: “அரிசிதாங்க சுகருக்குக் காரணம். அதை விட்டுட்டுக் கோதுமைக்கு மாறிடுங்க, தானா இறங்கிடும்.”

இதில் பாதி உண்மை. முதலில் அந்தப் பாதியை ஒப்புக்கொண்டுவிடலாம். 21 நாடுகளில் 1,32,000-க்கும் மேற்பட்டவர்களைச் சராசரியாக ஒன்பதரை ஆண்டுகள் பின்தொடர்ந்த ‘பியூர்’ ஆய்வின் முடிவுகள் 2020-ல் வெளியாயின. நாளைக்கு 450 கிராமோ அதற்கு மேலோ வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களுக்கும் 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களுக்கும் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பில் வித்தியாசம் தெரிந்தது. தெற்காசியாவில் நிறையச் சாப்பிட்டவர்களுக்கு அந்த வாய்ப்பு 61 சதவீதம் அதிகம். ஆகவே அரிசிக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் அதே ஆய்வில், சோறு நிறையத் தின்னும் சீனாவில் அப்படியொரு தெளிவான தொடர்பு தென்படவில்லை. தானியத்தின் பெயரை மட்டும் வைத்து வழக்கை முடித்துவிட முடியாது என்பதற்கு இதுவே போதும்.

கோதுமையில் மாவுச்சத்து குறைவு என்பதுதான் எல்லோரும் முதலில் எடுத்துவைக்கும் வாதம். ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவு அட்டவணையைப் புரட்டினால், 100 கிராம் பச்சரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம், கோதுமை மாவில் சுமார் 64. நார்ச்சத்தில் கோதுமை நாலு மடங்கு முன்னே நிற்கிறது. புரதமும் இரண்டு மூன்று கிராம் கூடுதல். வித்தியாசம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அட்டவணை ஒரு பக்கம், தட்டு ஒரு பக்கம். உள்ளங்கை அகலச் சப்பாத்தி ஒன்றுக்கு 30 கிராம் மாவு பிடிக்கும். மூன்று சப்பாத்தியில் மாவுச்சத்து 58 கிராம். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு குருமா. அதில் 100 கிராம் கிழங்கு போனால் இன்னொரு 15 கிராம். ஆக, எழுபதைத் தாண்டியாயிற்று. 150 கிராம் சோற்றில் இருப்பது நாற்பது சொச்சம்தான். அரிசியை விட்டுவிட்டேன் என்ற திருப்தியில் நாலாவது சப்பாத்திக்குக் கை நீட்டுகிறவரின் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

டாக்டர்கள் சப்பாத்தியைச் சொல்வதற்கு நல்ல காரணமும் ஒன்று உண்டு. சப்பாத்தியை எண்ணலாம், சோற்றை எண்ண முடியாது. “ரெண்டு போதும்” என்று சொன்னால் இரண்டோடு நிற்கும்; சோற்றில் “கொஞ்சமா போடுங்க” என்ற சொல்லுக்குக் கரண்டிக்குக் கரண்டி அளவு மாறும். எண்ணிச் சாப்பிட்டதால் இறங்கிய சர்க்கரையின் பெருமை முழுவதும் கோதுமையின் கணக்கில் வரவாகிவிடுகிறது.

சப்பாத்தி மெதுவாகச் செரிக்கும், சோறு சட்டென்று ஏறிவிடும் என்பது அடுத்தது. இங்கே கிளைசமிக் குறியீட்டைச் சொல்ல வேண்டும். குளுக்கோஸை 100 என்று வைத்து, ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று ஒப்பிடும் எண் அது. சென்னை ஆய்வுக்கூடத்தில் நம்மூர் அரிசிகளைச் சோதித்தபோது பொன்னி 70-லும் சோனா மசூரி 72-லும் நின்றன. இரண்டுமே உயர்ந்த வரிசை. 2008-ன் சர்வதேச அட்டவணையில் வெள்ளைச் சோறு சராசரி 73, சப்பாத்தி 52. சப்பாத்திக்காரர்கள் கைதட்டலாம். ஆனால் அதே அட்டவணையில் முழுக் கோதுமை ரொட்டி 74-ல் இருக்கிறது. தானியம் ஒன்றே, எவ்வளவு நைசாக அரைத்தார்கள், எவ்வளவு உப்ப வைத்தார்கள், எப்படிச் சுட்டார்கள் என்பதில்தான் மாற்றம். பேக்கரியில் ‘வீட் பிரெட்’ கேட்டு வாங்கி மனதைத் தேற்றிக்கொள்கிறவர்கள் இந்த 74-ஐக் குறித்துக்கொள்ளலாம். தவிர, குறியீடு வேகத்தைத்தான் சொல்லும், அளவைச் சொல்லாது. மெதுவாக ஏறுகிற பொருளை இரண்டு பங்கு தின்றால் வேகத்தில் மிஞ்சியது அளவில் கரைந்துவிடும்.

வடக்கே எல்லோரும் கோதுமைதானே, அங்கே பாருங்கள் என்பார்கள். பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ‘ஐசிஎம்ஆர்-இந்தியாப்’ சர்க்கரை நோய் ஆய்வின் முதல் கட்ட முடிவுகள் 2011-ல் வந்தபோது தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் 10.4 சதவீதம். கோதுமை தின்னும் சண்டிகரில் 13.6. சண்டிகர் வசதியான நகரம், நாமோ கிராமமும் நகரமும் கலந்த மாநிலம். அதனால் சப்பாத்தியால்தான் அங்கே கூடியது என்று நான் திருப்பி வாதாட மாட்டேன். கோதுமை அவர்களைக் காப்பாற்றிவிடவில்லை என்ற மட்டில் எண் பேசுகிறது.

இனி சிறுதானியம். 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய பிறகு இதை விமர்சிப்பது கிட்டத்தட்ட தேசத்துரோகம். பயிர் ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட்டின் விஞ்ஞானிகள் பல ஆய்வுகளைத் திரட்டி 2021-ல் வெளியிட்ட கட்டுரையில் சிறுதானியங்களின் சராசரி கிளைசமிக் குறியீடு 52.7 என்று வந்தது. நல்ல எண்தான். ஆனால் சராசரிக்குள் கஞ்சியும் உண்டு, களியும் உண்டு, தோசையும் உண்டு. வீட்டில் நடப்பதைக் கவனியுங்கள். ராகியை முளைகட்டி, காயவைத்து, மில்லில் மாவாக அரைத்து, துணியில் சலித்து, தண்ணீர் விட்டுக் கொழகொழவென்று காய்ச்சி, கசக்கிறதென்று கொஞ்சம் நாட்டுச் சர்க்கரையும் போட்டு டம்ளரில் ஊற்றிக் குடிக்கிறோம். நார்ச்சத்து சல்லடையில் நின்றுவிட்டது. மாவுச்சத்தோ வெந்து குழைந்து, பல்லுக்கு வேலையே வைக்காமல் குடலுக்குப் போகிறது. இதற்குப் பெயர் ஆரோக்கிய பானம்.

சாமை, தினை, வரகுக்கு வேறொரு கதை. கடையில் பளபளவென்று வெள்ளை வெளேரென இருக்கிற பாக்கெட்டைப் பாருங்கள். தவிட்டில் எண்ணெய் இருக்கிறது, அது சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும். அலமாரியில் மாதக்கணக்கில் தாங்க வேண்டுமென்று மில்லில் தீட்டிவிடுகிறார்கள். தவிட்டோடு போவது நார்ச்சத்தும் தாதுக்களும். எதற்காகச் சாமைக்கு மாறினோமோ அதுவே போய்விடுகிறது. கொஞ்சம் மங்கலாக, பழுப்பேறிய சாமையைக் கேட்டு வாங்குங்கள். அதையும் சோறு மாதிரி குவித்துச் சாப்பிட்டால் பலன் இல்லை.

கைக்குத்தல், பழுப்பரிசி என்கிறவர்களுக்குச் சென்னையில் நடந்த இரண்டு ஆய்வுகள் போதும். 2014-ல் வெளியான ஒன்றில், உடல் எடை கூடியவர்களுக்கு வெள்ளை அரிசிக்குப் பதில் பழுப்பரிசி கொடுத்தபோது நாள் முழுவதும் அளந்த ரத்தச் சர்க்கரை சுமார் 20 சதவீதம் குறைவாக இருந்தது. உற்சாகம் தரும் முடிவு. 2019-ல் வெளியான இன்னொன்றில் மூன்று மாதம் பழுப்பரிசி சாப்பிட வைத்துப் பார்த்தார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி ஒட்டுமொத்தமாக அசையவில்லை. இடுப்பளவு, ரத்தக் கொழுப்பு எல்லாம் சேர்ந்து கெட்டிருந்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் இறங்கியது. பழுப்பரிசி நல்லது, மந்திரம் கிடையாது.

“நம்ம தாத்தா மூணு வேளையும் சோறுதான் சாப்பிட்டார், அவருக்கு என்ன சர்க்கரையா வந்தது?” என்று எதிர்த் திசையிலிருந்து ஒரு குரல் வரும். தாத்தாவுக்கு யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. அவர் ஏர் ஓட்டினார், நாம் ஸ்கூட்டர் ஓட்டுகிறோம். மேலே போகலாம்.

இதையெல்லாம் ஒரே இடத்தில் போட்டுப் பார்த்தது 2025-ல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வந்த ஐசிஎம்ஆர்-இந்தியாப் உணவு ஆய்வு. சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் முன்நின்று நடத்தியது. இந்தியர்களின் சாப்பாட்டில் 62 சதவீத ஆற்றல் மாவுச்சத்திலிருந்து வருகிறது, புரதத்தின் பங்கு 12 சதவீதம் என்று கண்டார்கள். பிறகு கணக்கு போட்டுப் பார்த்தார்கள். வெள்ளை அரிசியை எடுத்துவிட்டுக் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ அதே அளவுக்கு வைத்தால் சர்க்கரை நோய்க்கான வாய்ப்பு குறைவதாகத் தெரியவில்லை. மொத்த ஆற்றலில் வெறும் ஐந்து சதவீதத்தை மாவுச்சத்திடமிருந்து எடுத்து, பருப்பு, பால், முட்டை, மீன் ஆகியவற்றின் புரதத்துக்குக் கொடுத்தால் குறைகிறது. மக்களை ஒரே ஒரு தரம் அளந்து போட்ட கணக்கு இது, வருடக்கணக்கில் பின்தொடர்ந்தது அன்று. அந்த எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும், அரிசி போய்க் கோதுமை வந்தால் போதும் என்ற நம்பிக்கைக்கு இதைவிட நேரடியான மறுப்பு நம் மண்ணிலிருந்து வந்ததில்லை.

ஆக, பார்க்க வேண்டியது தட்டில் தானியத்தின் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை. ஹோட்டல் சாம்பாரைக் கரண்டியால் அடிவரை துழாவிப் பாருங்கள்: முருங்கைக்காய்த் துண்டு ஒன்று, புளித்தண்ணீர், அடியில் மஞ்சளாய்க் கொஞ்சம் பருப்புக் கசடு. அதை ஊற்றிப் பிசைந்தால் சோறு நிறம் மாறுகிறது, அவ்வளவே. கெட்டிப் பருப்பு, சுண்டல், கூட்டு, முட்டை, மத்தி மீன், தயிர் இவை தட்டில் பெரிய பங்கை எடுத்துக்கொண்டால் சோறு தானாகச் சுருங்கும். நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் நடந்த ஒரு சிறு ஆய்வில், காய்கறியையும் இறைச்சியையும் முதலில் தின்று மாவுப் பண்டத்தைக் கடைசியில் தின்றபோது, அரை மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை 29 சதவீதம் குறைவாக இருந்தது. பதினொரு பேரிடம் பார்த்தது, பெரிதாகக் கொண்டாட வேண்டாம். செலவில்லாத வழி என்பதால் செய்து பார்ப்பதில் நட்டமில்லை. இன்சுலினோ சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும் சோற்றைத் திடீரென்று பாதியாக வெட்டும் முன் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். மருந்தின் அளவு பழைய சோற்றுக்குப் பொருத்தியது, சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம்.

பருப்பைக் கூட்டச் சொல்லும்போது பணத்தை மறக்கக்கூடாது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி, நாளைக்கு 2,000 கலோரி தேவைப்படுகிறவருக்கு 250 கிராம் தானியமும் 85 கிராம் பருப்பும் என்கிறது. நாலு பேர் குடும்பத்துக்குப் பருப்பு மட்டும் மாதம் பத்துக் கிலோ. ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம் பருப்போ அட்டைக்கு ஒரு கிலோ, 30 ரூபாய்க்கு. மிச்சம் ஒன்பது கிலோவை மளிகைக் கடை விலையில் வாங்க வேண்டும். அரிசியை நிறுத்துங்கள் என்று சொல்பவர் யாரும் இந்த ஒன்பது கிலோவைப் பற்றிப் பேசுவதில்லை.