ஒட்டுவேலையும் வேலைதான்

போன வாரம் செல்லூரில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் பேரன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு கம்பெனி நேர்முகத்தில், தான் செய்த பஸ் வரைபடத்தைக் காட்டியிருக்கிறான். மாட்டுத்தாவணியிலும் ஆரப்பாளையத்திலும் அவனே நின்று குறித்த நேரங்களைக் கூகுள் ஷீட்டில் ஏற்றி, அதை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்தோடு இணைத்திருக்கிறான். ஊர்ப்பெயரைத் தொட்டால் எந்த நிலையத்தில் எத்தனை மணிக்கு பஸ் என்று வரும். கேள்வி கேட்டவர், "மேப் யாரோ போட்டது, ஷீட் கூகுளோடது. இதிலே நீ என்னப்பா செஞ்சே? ஒட்டுவேலைதானே?" என்றாராம்.

அப்போது எனக்குப் பதில் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்தபிறகுதான் தோன்றியது.

காலையில் காப்பி குடித்ததும் நான் உட்காருவது தமிழ் விக்கிமூலத்தில். மெய்ப்புப் பார்க்கிறேன். அங்கே இருக்கும் நூல்களில் பெரும்பகுதி நாட்டுடைமையானவை. தமிழ் இணையக் கல்விக்கழகம் ஸ்கேன் செய்து கொடுத்தவை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள், ஆனால் எல்லாம் படங்கள். படத்தில் ஒரு சொல்லைத் தேட முடியாது. மதுரைத் திட்டம் 1998 பொங்கலில் தொடங்கியபோது, லொசானில் இருந்த கல்யாணசுந்தரமும் அவரோடு சேர்ந்த தன்னார்வலர்களும் நூல்களைக் கையால் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். அப்படி இந்த இரண்டாயிரத்தையும் தட்ட எத்தனை ஆயுள் வேண்டும்?

த. சீனிவாசன் என்ற நிரலாளர் ஒரு காரியம் செய்தார். கூகுள் டிரைவில் ஒரு படத்தைப் போட்டால், அதிலுள்ள தமிழ் எழுத்தை அது படித்து உரையாகத் தரும். அந்த வசதி ஏற்கெனவே இருந்தது. விக்கிமூலமும் இருந்தது. புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, டிரைவுக்கு அனுப்பி, வந்த உரையை விக்கிமூலத்தில் அதே பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிற ஒரு பைத்தான் நிரலை எழுதினார். அவ்வளவுதான். எழுத்துணரியை அவர் உண்டாக்கவில்லை, விக்கிமூலத்தையும் உண்டாக்கவில்லை. நடுவில் பாலம் போட்டார். பிற இந்திய மொழிக்காரர்களும் அந்த நிரலை எடுத்துக்கொண்டார்கள்.

இதுவும் ஒட்டுவேலைதான். ஆனால் இந்த இரண்டையும் சேர்க்கலாம் என்று அவருக்குத்தானே பட்டது?

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். கையில் கிடைத்ததை வைத்துக் காரியத்தை முடிக்கிறவனை அங்கே 'பிரிக்கோலர்' என்பார்கள். மானிடவியல் அறிஞர் லெவி-ஸ்ட்ராஸ் 1962இல் வந்த தன் நூலில் அவனைப் பொறியாளனுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பேசுகிறார். இளக்காரமாக அல்ல.

இதில் குறை இல்லாமல் இல்லை. எழுத்துணரி 'ர'வையும் துணைக்காலையும் குழப்பும். பழைய அச்சின் 'லை', 'ணை' வந்தால் தடுமாறும். அதனால்தான் என்னைப் போன்ற கிழவர்களுக்கு அங்கே வேலை. சிவப்பாக இருக்கும் பக்கத்தைத் திருத்தி மஞ்சளாக்குகிறேன், இன்னொருவர் பார்த்துப் பச்சையாக்குவார். இன்னொரு பயமும் உண்டு. இரவல் ஏணியை எப்போது கேட்பார்களோ தெரியாது. பல தளங்களின் தகவலை இணைத்துக்கொள்ள யாஹூ பைப்ஸ் என்று ஒன்று 2007இல் வந்தது. 2015இல் மூடிவிட்டார்கள். அதை நம்பிக் கட்டியவையும் அதோடு போயின.

எனக்குக் கோபம் வருவது வேறொரு இடத்தில். அந்தக் காலத்தில் நாங்கள் கார்பன் வைத்து ஸ்டேட்மென்ட் அடித்தோம், வேறு வழியில்லை. இன்று கணினியில் அடித்து, அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, அதை ஸ்கேன் செய்து படமாக இணையத்தில் ஏற்றுகிற அலுவலகங்கள் உண்டு. எழுத்தாக இருந்ததைப் படமாக்கிவிட்டு, அந்தப் படத்திலிருந்து எழுத்தை மீட்க இன்னொருவன் நிரல் எழுத வேண்டியிருக்கிறது! கையெழுத்துப் பிரதி சட்டத்துக்கு வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அதோடு அட்டவணையையும் அப்படியே போட்டால் என்ன குறைந்துவிடும்? ஒட்டத் தெரிந்த பிள்ளைகள் ஊர் ஊராக இருக்கிறார்கள். ஒட்டுவதற்குத்தான் ஒன்றும் கிடைப்பதில்லை. பஸ் நேரத்துக்கு என் பேரன் வெயிலில் நின்றது அதனால்தான்.

அவனுக்குப் போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். பாதி கேட்டான். ஆரப்பாளையத்தில் தேனி பஸ் நேரம் மாறியிருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை போய்க் குறித்து வர வேண்டும், "தாத்தா, நீங்களும் வர்றீங்களா?" என்றான். குடையை எடுத்து வைத்திருக்கிறேன்.