கவலை தெரிவித்தால் கதவு திறக்குமா?

அண்மையில் ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்து, பங்கு இல்லத் திண்ணையில் நாலைந்து பேர் உரையாடிக்கொண்டிருந்தோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நம்மைப் பார்த்துக் கேட்டார்: “ஓர் அரசு தன் குடிமக்களையே வதைக்கிறது. உலக நாடுகள் கூடிக் கவலை தெரிவிக்கின்றன. மறுநாளும் அங்கே அடி விழுகிறது. அந்தக் கவலையால் யாருக்கு என்ன பயன், சொல்லுங்கள்.” அருகில் நின்ற இளைஞர்கள் சிரித்தனர். நமக்கு உடனே மறுமொழி தோன்றவில்லை. வீடு திரும்பிய பிறகுதான் சிலி நாட்டின் வரலாறு நினைவுக்கு வந்தது. அன்று சொல்லத் தவறியதை இப்பக்கத்தில் சொல்லிவிடுகிறோம்.

சிலி, தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஆண்டிஸ் மலைக்கும் பசிபிக் கடலுக்கும் இடையே நாடாவைப் போல் நீண்டு கிடக்கும் நாடு. மக்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர். 1973ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் அங்கே இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. போர் விமானங்கள் அரசு மாளிகையின் மீது குண்டு வீசின. மக்கள் தேர்ந்தெடுத்த அதிபர் சால்வடோர் அயெண்டே அம்மாளிகைக்குள்ளேயே அன்று இறந்தார். படைத்தலைவர் ஆகஸ்டோ பினோசெட் நாட்டின் தலைவரானார். தலைநகரான சாந்தியாகோவின் விளையாட்டரங்கம் சிறைச்சாலையாயிற்று. இரவில் வீடு புகுந்து ஆண்களை இழுத்துச் சென்றனர். மறுநாள் தாயோ மனைவியோ காவல் நிலையத்துக்குப் போனால், “அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவே இல்லையே” என்ற பதிலே கிடைத்தது.

காவல் நிலையம் கைவிட்டது. இராணுவ முகாம் விரட்டியது. இனி எங்கே போவது? கோயிலுக்குத்தான் வந்தனர்.

அப்போது சாந்தியாகோவின் பேராயராக இருந்தவர் கர்தினால் ரவுல் சில்வா ஹென்றிக்கஸ். நம் ஊர்களில் பள்ளிகள் நடத்தும் தொன் போஸ்கோவின் சலேசிய சபையைச் சேர்ந்தவர். குருவாகுமுன் சட்டம் பயின்றவர். 1973 அக்டோபரிலேயே லுத்தரன், மெத்தடிஸ்ட் சபையாரோடும் யூத சமயத்தவரோடும் சேர்ந்து துயருற்றோர்க்கு உதவ ஒரு குழுவை அமைத்தார். இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சிலியின் ஆயர்கள் எல்லாரும் தொடக்கத்தில் ஒரே மனத்தினராக இல்லை. இராணுவம் நாட்டைக் காப்பாற்றிவிட்டது என்று மகிழ்ந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். திருப்பலிக்கு வரும் விசுவாசிகளுள்ளும் அவ்வாறு எண்ணியோர் பலர். பினோசெட்டும் ஒரு கத்தோலிக்கரே. அடிபட்டவனும் அடித்தவனும் ஒரே நற்கருணைப் பந்தியில் முழந்தாளிட்ட நாடு அது. 1980 டிசம்பரில் சில ஆயர்கள் தத்தம் மறைமாவட்டங்களில், சித்திரவதை செய்வோர் திருச்சபைக்குப் புறம்பானவர் என அறிவிக்க நேர்ந்ததை நினைத்தால் அந்த வேதனை புரியும்.

1975 இறுதியில், அக்குழுவைக் கலைத்துவிடுமாறு பினோசெட் கர்தினாலுக்குக் கடிதம் எழுதினார். கர்தினால் கலைத்தார். ஆனால் 1976 ஜனவரி முதல் நாள், பேராலயத்தை ஒட்டிய கட்டடத்தில் “தோழமைப் பணியகம்” என்ற புதிய அமைப்பு தொடங்கப்பட்டது. பழைய குழுவோ பல சபையார் சேர்ந்த பொது அமைப்பு. புதியது உயர்மறைமாவட்டத்தின் உறுப்பு. இதை மூட வேண்டுமானால் திருச்சபையின் மீதே கை வைக்க வேண்டும். சட்டம் படித்தவர் அல்லவா!

அப்பணியகத்தில் நடந்த வேலை மிக எளியது. ஒரு மேசை, அதன் எதிரே ஒரு தாய். மகனின் பெயர் என்ன? எந்த நாளில், எந்த நேரத்தில் கொண்டுபோனார்கள்? வந்தவர்கள் எப்படிப்பட்டவர்கள்? என்ன உடை உடுத்தியிருந்தான்? பார்த்தவர் யார்? சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டு, வழக்கறிஞர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்வார். இவ்வாறு ஆயிரக்கணக்கான மனுக்கள் போயின. விரல்விட்டு எண்ணத்தக்கவை தவிர அத்தனையும் தள்ளுபடியாயின. ஆனாலும் மறுநாள் அடுத்த தாயின் மனுவை எழுதினார்கள். தோற்கும் என்று தெரிந்தே மனு எழுதுவது வீண்வேலை என்று நம் இளைஞர்கள் சிரிக்கக்கூடும். அந்த வழக்கறிஞர்களுக்கும் சில மாலைகளில் அப்படித் தோன்றியிருக்கும். ஆனால் ஒவ்வொரு மனுவின் படியும் கோப்பில் தங்கியது.

அந்தக் கோப்புகளிலிருந்துதான் உலகத்தின் கவலைக்கு உயிர் வந்தது. 1975இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை ஆணையம், பாகிஸ்தானைச் சேர்ந்த குலாம் அலி அல்லானா தலைமையில் ஐவர் குழுவொன்றைச் சிலிக்கென அமைத்தது. முதலில் வரலாம் என்ற பினோசெட், அந்த ஜூலையில் குழு புறப்படவிருந்த தறுவாயில் வரக்கூடாது என்றுவிட்டார். அதே ஆண்டில் சிலி அரசின் பிரதிநிதி ஐ.நா. சபையில் எழுந்து, காணாமற்போனதாகச் சொல்லப்படுவோருள் பலர் சட்டப்படி இருந்தவர்களே அல்லர் என்றார். மகனைப் பெற்றுத் திருமுழுக்குக் கொடுத்து வளர்த்த தாயிடம், உனக்கு மகனே பிறக்கவில்லை என்று சொன்னது போலாயிற்று.

1977 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை சிலியைக் கண்டித்தது. பினோசெட் 1978 ஜனவரி 4ஆம் நாள் நாடெங்கும் ஒரு வாக்கெடுப்பு நடத்தினார். அந்நிய ஆக்கிரமிப்புக்கு எதிராக நாட்டின் மானத்தைக் காக்கும் தலைவரை ஆதரிக்கிறீர்களா என்பதே கேள்வி. வாக்குச் சீட்டில் “ஆம்” என்பதற்கு நேராகச் சிலியின் கொடி. “இல்லை” என்பதற்கு நேராகக் கறுப்புக் கொடி. முக்கால் பங்கினர் “ஆம்” என்றனராம்! உள்நாட்டு விவகாரத்தில் அந்நியர் தலையிடுகின்றனர் என்னும் கூக்குரல், இப்படிப்பட்ட அரசுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான கேடயம். வீட்டுக்குள் பிள்ளையை அடிக்கும் தகப்பன், ஓடிவந்த அண்டை வீட்டாரைப் பார்த்து, “இது எங்கள் குடும்ப விஷயம்” என்று சொல்வதில்லையா?

அண்டை வீட்டார் என்றால் அரசுகள் மட்டும் அல்லர். ஸ்காட்லாந்தில் ஈஸ்ட் கில்பிரைடு என்னும் ஊரின் ரோல்ஸ் ராய்ஸ் தொழிற்சாலைக்கு, 1974இல் சிலி விமானப்படையின் ஹாக்கர் ஹன்டர் விமான இயந்திரங்கள் பழுது பார்க்க வந்தன. அரசு மாளிகை மீது குண்டு வீசியவை அவ்வகை விமானங்களே. பாப் ஃபுல்டன் என்னும் தொழிலாளர் இவற்றைத் தொடமாட்டேன் என்றார். உடன் வேலை செய்தவர்களும் கைவிட்டனர். நான்கு ஆண்டுகள் அவ்வியந்திரங்கள் வெயிலிலும் மழையிலும் துருப்பிடித்துக் கிடந்தன. 1978இல் ஓர் இரவில் எவரோ எடுத்துச் சென்றுவிட்டனர். நாம் செய்தது வீணாகிவிட்டது என்றே அத்தொழிலாளர்கள் பல்லாண்டுகள் எண்ணியிருந்தனர். 2015இல் சிலி அரசு அவர்களுள் மூவருக்கு விருது அளித்துச் சிறப்பித்தது.

சிலியின் பெண்களும் சும்மா இருக்கவில்லை. கணவனையோ மகனையோ இழந்தவர்கள் பணியகத்தின் கூடங்களில் அமர்ந்து, சாக்குத் துணியின்மேல் கந்தல் துண்டுகளை வைத்துத் தைத்துச் சிறு சிறு படங்கள் ஆக்கினர். அவற்றிற்கு ஆர்ப்பியேரா என்று பெயர். மலை, சூரியன், வீடுகள், நடுவே, “அவர்கள் எங்கே?” என்று கேட்கும் பெண்களின் வரிசை. பணியகம் அவற்றை வெளிநாடுகளுக்கு அனுப்பி விற்றுக் கொடுத்தது. அடுப்பெரியக் கொஞ்சம் பணமும், உலகுக்கு ஒரு செய்தியும் அதில் கிடைத்தன. ஊசியும் நூலும் பிடிக்கத் தெரிந்த நம் தாய்மார்களுக்கு இதன் அருமை விளங்கும்.

1978 ஜூலையில் ஐ.நா. குழுவை உள்ளே விடப் பினோசெட் இணங்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு நவம்பரில், காணாமற்போன தம் மகனைத் தேடியலைந்த ஒருவர் திருச்சபையிடம் இரகசியமாக ஒரு செய்தி கொண்டு வந்தார். தலைநகருக்கு வெளியே லோன்கேன் என்னும் இடத்தில், கைவிடப்பட்ட பழைய சுண்ணாம்புக் காளவாய்களுக்குள் மனித எலும்புகள் கிடக்கின்றன என்றார். காவல்துறைக்கு முதலில் சொன்னால் எலும்புகளும் காணாமற்போகும். ஆதலால் நவம்பர் 30ஆம் நாள் துணை ஆயர் என்ரிக்கே அல்வெயார், வழக்கறிஞர்களையும் பத்திரிகையாளர்களையும் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு நேரே அங்கு சென்றார். செய்தி மெய்யாயிருந்தது. அதன் பின்னரே உச்ச நீதிமன்றத்துக்கு அறிவித்தனர்.

எலும்புகள் பதினைந்து பேருடையவை. 1973 அக்டோபர் 7ஆம் நாள் இஸ்லா டி மைப்போ என்னும் சிற்றூரில் பிடிக்கப்பட்டவர்கள். ஒரு குடும்பத்தில் தந்தையும் நான்கு மக்களும். ஒரு குடும்பத்தில் மூன்று சகோதரர்கள். மற்றொரு குடும்பத்தில் தந்தையும் இரு மக்களும். இவர்களோடு நான்கு இளைஞர்கள். சுடுசண்டையில் இறந்தனர் என்று காவலர்கள் கூறியதை, விசாரித்த நீதிபதி அடோல்ஃபோ பன்யாடோஸ் நம்பவில்லை. எலும்புகளில் குண்டுபட்ட தடயமே இல்லை. ஆனால் வழக்கு இராணுவ நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. அங்கே 1978ஆம் ஆண்டின் பொது மன்னிப்புச் சட்டத்தைக் காட்டிக் காவலர்களை விடுவித்தனர். 1979 செப்டம்பரில் அடக்கத் திருப்பலிக்காக உறவினர் கோயிலில் கூடிக் காத்திருந்தபோது, உடல்கள் கோயிலுக்கு வரவேயில்லை. நேரே ஊர்க் கல்லறைக்குக் கொண்டுபோய்ப் பொதுக்குழியில் கொட்டிவிட்டனர்.

ஆசிரியர் ஐயாவின் கேள்விக்கு வருவோம். உலகத்தின் கவலை அந்தப் பதினைந்து பேரைக் காப்பாற்றவில்லை. உலகம் கவலைப்படத் தொடங்குமுன்பே அவர்கள் காளவாய்க்குள் கிடந்தனர். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் 1977இல், உலகின் வற்புறுத்தல் மிகுந்த காலத்தில், இரகசியக் காவல் படையான தீனாவைப் பினோசெட் கலைக்க நேர்ந்தது. வேறு பெயரில் மற்றொன்று முளைத்தது உண்மையே. எனினும் ஆட்கள் தடயமின்றி மறைவது வெகுவாகக் குறைந்தது. அந்தக் குறைவில் உயிர் பிழைத்தவர்கள் யார் யார் என்று எவராலும் பட்டியல் எழுத முடியாது. அவர்களுக்கே தெரியாதே!

கோப்புகளோ காத்திருந்தன. 1990இல் பினோசெட் ஆட்சியிலிருந்து இறங்கியபின் அமைந்த உண்மை அறியும் ஆணையம் அவற்றை எடுத்துப் படித்தது. 1991இல் வெளியான அதன் அறிக்கையில் 2,279 பேர் பலியானவர்களாகப் பதிவாயினர். பின்னர் வந்த ஆணையம் சிறையும் சித்திரவதையும் பட்ட 38,000க்கும் மேற்பட்டோரை ஏற்றுக்கொண்டது. 1998 அக்டோபரில் இலண்டனில், ஸ்பானிய நீதிபதி ஒருவரின் ஆணைப்படி பினோசெட் கைதானார். உடல்நலக் குறைவு என்று 2000இல் விட்டனர். தண்டனை பெறாமலே 2006 டிசம்பர் 10ஆம் நாள் இறந்தார். அது உலக மனித உரிமை நாள்.

சிலியின் தாய்மார் தொடுத்த கேள்வியின் தொடர்ச்சியாகவே 1980இல் காணாமற்போனோர் பற்றிய ஐ.நா. செயற்குழு பிறந்தது. பிற்காலத்தில் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் நம் தமிழ்த் தாய்மார் பிள்ளைகளின் பெயரெழுதி அனுப்பிய மனுக்களும் அச்செயற்குழுவுக்கே சென்றன. அவர்களுள் பலருக்கு இன்னும் மறுமொழி வரவில்லை.

லோன்கேனின் காளவாய்களை 1980இல் வெடிவைத்துத் தகர்த்துவிட்டனர். பொதுக்குழியில் கொட்டப்பட்ட எலும்புகளைப் பின்னாளில் தோண்டியெடுத்து, மரபணுச் சோதனையால் பெயர் கண்டனர். 2010 மார்ச்சில், முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின், பிடித்துச் செல்லப்பட்ட அதே ஊருக்கு அவை வந்தன. பேழைகளின்மேல் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. வயது முதிர்ந்த உறவினர் அவற்றின் பின்னே நடந்து சென்று அடக்கம் செய்தனர்.